இனிப்புக் காய்ச்சும் வீடு

திராய்மடுவில் பீற்றிஸின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் வீட்டிலக்கம் சொல்வதில்லை. சீனி காய்ச்சும் வாசம் எந்த வளவிலிருந்து வருகிறதோ அந்தப் படலையைத் தட்டு என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கூரை, ஒரே நிறச் சுவர். குடிவந்த புதிதில் வேலையால் களைத்து வந்த ஆண்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கேட்ட கதைகள் உண்டு. பீற்றிஸின் வீட்டு விசயத்தில் மட்டும் யாருக்கும் அந்தத் தடுமாற்றம் வந்ததில்லை. அதே வாசத்தைப் பற்றித்தான் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரையிலும் வைகாசியிலும் ஊர் முணுமுணுத்தது.

மட்டக்களப்பில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் கழியும்வரை அங்கே இனிப்புச் செய்யமாட்டார்கள். முதல் நாட்களில் அடுப்பே மூட்டுவதில்லை. அயலவர்தான் சோறும் கோப்பியும் கொண்டுவந்து வைப்பார்கள். சைவக்காரரானால் என்ன, வேதக்காரரானால் என்ன, இதில் பேதமில்லை. பீற்றிஸ் வேதக்காரி. அவளுடைய மகன் ஜொய்சன் வன்னியில், சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். அவன் செத்துப்போனான் என்று ஊரில் பாதிப்பேர் முடிவுகட்டிவிட்டார்கள். பீற்றிஸ் அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டு திரியவுமில்லை. நாள் தவறாமல் அடுப்பை மூட்டிச் சீனிப்பாகு காய்ச்சினாள்.

அவள் காய்ச்சியது தொதலோ எள்ளுருண்டையோ அல்ல. பாணில் பூசித் தின்கிற, நுரைபோல மெத்தென்ற ஒரு வெள்ளைச் சாமான். போத்தலில் ஒட்டிய துண்டில் மாஷ்மெலோ என்று எழுதியிருக்கும். ஊராருக்கு நாக்கு வளையவில்லையா, வளைக்க மனம் வரவில்லையா தெரியாது, வெள்ளைப் பூச்சு என்றே சொன்னார்கள். அது அவள் கைக்கு வந்த விதத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

சுனாமிக்கு முன்னர் அவர்கள் இருந்தது டச்பாரில், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. புருசன் ஜெயராஜா கரைவலை இழுக்கிறவன். கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, கடல் உள்ளே போய்விட்டது என்று யாரோ கத்த, பார்த்துவிட்டு வாறேன் என்று போனான். பதினேழு வயது ஜொய்சன் எட்டு வயதுத் தங்கை மேர்லினைத் தோளில் போட்டுக்கொண்டு, தாயையும் இழுத்துக்கொண்டு மாடி வீடொன்றில் ஏறினான். அந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள், வாவிக்கரையில் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரங்களுக்குள் ஜெயராஜா கிடைத்தான். முகத்தைப் பார்க்கக்கூடாது என்றார்கள். நத்தார்ச் சட்டையின் மூன்றாவது பொத்தானை அவள் அவசரத்தில் பச்சை நூலால் தைத்திருந்தாள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓம் என்றாள்.

தொட்டதால் அழ முடிந்தது. அழுததால் அடக்கம்பண்ண முடிந்தது. அடக்கம்பண்ணிய நாளிலிருந்து முப்பத்தொன்று எண்ணவும் முடிந்தது. அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரிந்திருக்காது.

அகதி முகாம் என்பது ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். உலகம் முழுவதிலுமிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளிக் கையுறை அனுப்பிய புண்ணியவான்களும் இருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் கண்ணாடிப் போத்தல்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஒரு கிழவர் அதை முழங்கால் வாதத்துக்குப் பூசும் மருந்தென்று நம்பி, இரண்டு காலிலும் தடிப்பாகப் பூசிக்கொண்டு மத்தியானத் தூக்கம் போட்டார். எறும்புகள்தான் அவருக்கு விசயத்தை விளக்கின. அவ்வளவு துக்கத்துக்குள்ளும் முகாம் சிரித்தது.

பீற்றிஸின் பங்குக்கு வந்த போத்தலை, இனிப்பென்று தெரிந்த உடனேயே வகுப்பறை அலுமாரியின் மேல் தூக்கி வைத்துவிட்டாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் ஜொய்சன் அதை எடுத்துத் திறந்தான். கடல் வந்த நாளிலிருந்து மேர்லின் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவள். பாண் துண்டில் பூசிக் கொடுத்ததும் தின்றாள். இன்னொரு துண்டும் கேட்டாள். ஜொய்சன் விரலால் வழித்து நக்கிப் பார்த்துவிட்டு, இது முட்டையும் சீனியும்தான், நத்தார்க் கேக்குக்கு நீங்கள் அடிக்கிற அதே ருசி என்று தாயிடம் சொன்னான். போத்தல் நாலு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் பிள்ளை மறுபடி முகத்தைத் திருப்பினாள்.

வேறு வழியில்லாமல் பீற்றிஸ் அதைத் தானே செய்யப் பார்த்தாள். முதல் தடவை பாகு முற்றி, முட்டை வெள்ளைக்குள் கல்லுக் கல்லாக விழுந்தது. இரண்டாம் தடவை பாகு இளகி, எல்லாம் பாயசமாக ஓடியது. மூன்றாம் தடவை ஒரு சொட்டு மஞ்சட்கரு கலந்துவிட, வெள்ளை நுரைக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிறகுதான் கை படிந்தது. கோப்பையைத் தேசிக்காய்த் துண்டால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். பாகில் ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டால் விரலுக்குள் மெதுவாக உருள வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, நுரைத்து நிற்கும் வெள்ளைக்குள் நூல்போல ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். கோப்பையின் அடி ஆறும்வரை கை நிற்கக்கூடாது. கை நின்றால் போச்சு.

அடிக்கிற கை ஜொய்சனுடையது. பதம் சரியா என்று பார்ப்பதற்குக் கோப்பையைத் தன் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடிப்பான். சரியென்றால் விழாது. ஒருநாள் அவசரப்பட்டுக் கவிழ்த்தான். முழுவதும் தலையில் இறங்கி, கண்ணும் மூக்கும் தெரியாமல் நின்றான். மேர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடல் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். வீணாய்ப்போன முட்டைக்காகத் திட்ட வாயெடுத்த பீற்றிஸ், திட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படித் தொடங்கியது பிறகு பிழைப்பாகிவிட்டது. சந்தியில் முட்டைக் கடை வைத்திருந்த மஜீட், ஓட்டமாவடிக்காரர், ஒரு போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்குள் பன்றியில் எடுக்கிற ஜெலட்டின் இல்லையே என்று இரண்டு தரம் கேட்டார். முட்டை, சீனி, தேசிக்காய்ச் சாறு, வனிலா, இவ்வளவுதான் என்று அவள் சத்தியம்பண்ணினாள். அடுத்த கிழமையிலிருந்து அவருடைய கடையில் பூச்சுப் போத்தல் வரிசையாக நின்றது. பிறந்தநாள் கேக், முதல்நன்மைக் கேக், கலியாணக் கேக் எல்லாவற்றுக்கும் மேற்பூச்சுக்கு அவளிடம் ஆள் வந்தது.

ஜொய்சன் இதற்கிடையில் சுவர் பூசும் வேலை பழகினான். திராய்மடுவில் தங்களுக்கென்று கிடைத்த வீட்டின் சுவரைப் பூசியதும் அவன்தான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனி மாதம், வன்னிக்குள், முல்லைத்தீவில் கடலடித்த ஊர்களுக்கு வீடு கட்ட ஆள் வேண்டும் என்று ஒரு மேசன் கூப்பிட, மூன்று மாத வேலைதானே என்று போனான். அவன் போய் இரண்டு மாதத்தில் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. போனவன் அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம்.

செஞ்சிலுவைக்காரர் மூலமாக எப்போதாவது கடிதம் வரும். ஒரு பக்கம்தான், அதுவும் திறந்த கடதாசி. சுகம், வேலை இருக்கிறது, பயப்பட வேண்டாம். கடைசிக் கடிதம் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசியில் வந்தது. சுவர் பூசுகிற வேலை நின்றுவிட்டது, இப்போது எல்லாருக்கும் பங்கர் வெட்டிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தான். மேர்லினுக்குக் கனக்க இனிப்புக் கொடுக்க வேண்டாம், பல் போய்விடும் என்றும் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பங்குனி முடிவில் கிரானிலிருந்து ஒரு பெண் வந்தாள். வன்னியில் காயப்பட்டுக் கப்பலில் ஏற்றி வந்த தன் தமையனை ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவள். மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்து, மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன் ஒருவன் முடிந்துபோனான் என்று தமையன் சொன்னானாம். சுவர் பூசுகிற பொடியனாம். பெயர் தெரியாதாம். பீற்றிஸ் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். மட்டக்களப்பில் சுவர் பூசத் தெரிந்தவன் என் மகன் ஒருவன்தானா என்று பிறகு மேர்லினிடம் கேட்டாள்.

செய்தி ஊருக்குள் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பங்குப் பாதர் வந்து, ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைக்கலாமா என்று பக்குவமாகக் கேட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன ஆத்தும பூசை, அவன் சுகமாக வர ஒரு பூசை வையுங்கள் என்று பீற்றிஸ் சொன்னாள். அவர் போனதும் நேரே அடுப்படிக்குப் போய்ச் சீனியை அளந்தாள்.

அடுத்த வளவு இலட்சுமிப்பிள்ளைக்கு இதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை. கடல் அவளிடமிருந்து இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஒன்றின் உடம்பு கிடைத்தது, மற்றதன் உடம்பு கிடைக்கவேயில்லை. ஒருநாள் பின்னேரம் பீற்றிஸின் அடுப்படிக்கு வந்து பலகையில் குந்தினாள்.

"பீற்றிஸ், நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்காத கா. என்ட சின்னவளின்ட உடம்பும் கிடைக்கல்லதானே. ஆனா நான் முப்பத்தொண்டும் எண்ணி முடிச்சிட்டன். எண்ணாட்டி அதுக்கும் போக ஏலாது, நமக்கும் இரிக்க ஏலாது."

பீற்றிஸ் பாகைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "இனிப்புக் காய்ச்சுற வீட்ட செத்த வீடெண்டு ஆரும் சொல்ல ஏலாதக்கா. நான் காய்ச்சுற வரைக்கும் அவன் இரிக்கான்," என்றாள்.

இலட்சுமிப்பிள்ளை எழுந்து போனாள்.

ஆனால் அந்தச் சொல் பீற்றிஸையே கட்டிப்போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் காய்ச்சாமல் விட்டாலும் மகனைத் தானே கைவிட்டதுபோல ஆகிவிடும் என்று பயந்தாள். கேட்டு வர ஆளில்லாத நாளிலும் காய்ச்சினாள். மஜீட் கடைத் தட்டில் பழைய போத்தலே கிடக்கும்போது புதுப் போத்தலைக் கொண்டுபோய் நின்றாள். மிஞ்சியதை ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பூசிக் கொடுத்தாள். தாய்மார் சிலர் அந்தப் பாணைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறித்துக் கோழிக்குப் போட்டதையும் கண்டாள். செத்த வீட்டு இனிப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். அதைக் கண்ட அன்று அவள் இரண்டு மடங்கு காய்ச்சினாள்.

மேர்லினுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் பூச்சைத் தொடுவதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடச் சட்டையிலும் தலைமயிரிலும் அந்த வாசம்தான். நாளைக்கு மட்டும் காய்ச்சாமல் இருங்களேன் அம்மா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். பீற்றிஸ் கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டாள். பிள்ளைக்கு அவள் அடித்த முதல் அடி அது. அடித்த கையில் சீனிப்பாகு இருந்தது, அது பிள்ளையின் கன்னத்தில் ஒட்டிக் காய்ந்தது. இது பெரிய அநியாயம், அதில் மறுபேச்சில்லை. பீற்றிஸுக்கும் அது தெரியும். தெரிந்தும் மறுநாள் காய்ச்சினாள்.

வைகாசி நடுவில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். வாகனங்கள் கொடி கட்டிக்கொண்டு ஒலிபெருக்கியோடு ஓடின. திராய்மடுவில் வாசல்களில் கொடி பறந்தது. சனம் அதன் கீழே வாயைத் திறக்காமல் நடமாடியது. எந்த வீட்டுக்கும் வன்னியில் ஒரு ஆளாவது இருந்தது.

அதற்கு இரண்டாம் நாள் காலை நல்லரத்தினம் ஓட்டோவில் வந்து இறங்கினார். அவர் ஊர்ச் சங்கத்தின் தலைவர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பயந்தவர் என்று எல்லாரும் சொல்வார்கள். ஜொய்சனைத் தேடித் தரும்படி அதிகாரிகளுக்குப் பீற்றிஸ் போட்ட கடிதங்களை இங்கிலீசிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஓட்டோவிலிருந்து இரண்டு பெரிய தட்டு முட்டையையும் ஒரு பை சீனியையும் தானே தூக்கி வந்து விறாந்தையில் வைத்தார்.

நாளைக்குக் காலையில் ஒரு விழா, பெரிய ஆட்கள் வருகிறார்கள், மூன்று தட்டுக் கேக் வெட்டப்போகிறார்கள் என்றார். கேக்கைப் பேக்கரியில் சுட்டதும் பின்னேரம் அவரே இங்கே கொண்டுவருவார், பீற்றிஸ் வெள்ளைப் பூச்சுப் பூசி, மேலே எழுத்து எழுதிக் கொடுத்தால் போதும். அவளுடைய பூச்சுத்தான் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுத வேண்டும் என்பதை ஒரு கடதாசியில் கொண்டுவந்திருந்தார். அதை அவளிடம் நேரே நீட்டாமல் முட்டைத் தட்டுக்குக் கீழே செருகினார்.

பீற்றிஸ் சாக்குகளைத் தேடினாள். கை உளைகிறது என்றாள். மகள் அடிப்பாள்தானே என்றார். இவ்வளவு பெரிய கோப்பை இல்லை என்றாள். சங்கத்துக் கிடாரம் இருக்கிறது என்றார். வெயிலுக்குப் பூச்சு உருகிவிடும் என்றாள். மண்டபத்தில் குளிரூட்டி இருக்கிறதாம் என்றார். சொல்லச் சொல்ல அவருடைய முகம்தான் வியர்த்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எனக்கும் இது விருப்பமான வேலையில்ல. ஏலாதெண்டா ஏனெண்டு கேப்பாங்க. உங்கட பேரும் மகன்ட பேரும் எழுதின கடிதமெல்லாம் அவங்களிட்டத்தான் கிடக்கு. செத்த வீடெண்டா நான் படலைக்குள்ள வந்திரிக்கவே மாட்டன், அவங்களும் பேசாம விட்டிருவாங்க. நீங்கதான் அப்பிடியில்ல எண்டுறீங்களே."

அவர் அதை வழியாகக் காட்டினாரா, வாய்தவறிச் சொன்னாரா என்று பீற்றிஸுக்கு விளங்கவில்லை. பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டோவில் ஏறினார்.

அவள் முட்டையைக் கையில் எடுத்தாள். காய்ச்சுவதா வேண்டாமா என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. இவ்வளவு நாளும் காய்ச்சியவள் இன்றைக்குப் பார்த்து அடுப்பை மூட்டாமல் விட்டால் ஊர் என்ன நினைக்கும், தன் மனம்தான் என்ன நினைக்கும். வெள்ளையை வேறாக்கினாள், மஞ்சளை வேறாக்கினாள். சங்கத்திலிருந்து வந்த கிடாரத்தைத் தேசிக்காயால் துடைத்தாள். மேர்லின் பள்ளிக்கூடம் போகவில்லை, பள்ளிக்கூடமும் அன்று இல்லை. தாயும் மகளும் மாறி மாறி அடித்தார்கள். நுரை கிடாரத்தின் விளிம்புக்கு ஏறியது. அடுப்பில் பாகு கொதித்து, குமிழிகள் பெரிதாகி, பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. வெளியே பெருந்தெருவில் ஒலிபெருக்கி வாகனம் ஒன்று பாட்டோடு போனது.

மேர்லின் நுரை அடிக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டு முட்டைத் தட்டின் அடியிலிருந்த கடதாசியை எடுத்தாள். மூன்று மொழியிலும் இருந்ததை வாய்க்குள் வாசித்தாள். வெற்றி என்ற சொல்லும், வாழ்த்து என்ற சொல்லும், ஒரு திகதியும் இருந்தன. பிறகு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, அண்ணன் திரும்பி வந்து, இத ஆர் எழுதினது எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பிள்ளை குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் தெரியாமல்தான் கேட்டாள். அவன் இருக்கிறான் என்றால், வந்து கேட்பான். வந்து கேட்கப்போகிறவனுக்கு முன்னால் நிற்க வேண்டுமென்றால் இதை எழுத முடியாது. எழுத முடியாது என்று சொல்ல வேண்டுமென்றால், அவன் இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதா என்று அவள் தேடினாள். பாகு பொங்கிச் சட்டி விளிம்பைத் தொட்டது. சந்து இருக்கவில்லை.

அவள் சட்டியை இறக்கி நிலத்தில் வைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். சாம்பல் சீறிக்கொண்டு கிளம்பி நுரையின் மேல் படிந்தது. இரண்டு பேரும் வெளியே வந்து விறாந்தைக் கட்டின் மேல் இருந்தார்கள்.

பின்னேரம் படலைக்கு வெளியே ஓட்டோ நின்றது. நல்லரத்தினம் ஒரு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீற்றிஸ் எழுந்து படலைவரை போய், அதைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"செத்த வீட்டில இனிப்புக் காய்ச்சுறதில்ல அண்ணன்," என்றாள்.

அவர் கேக் பெட்டியோடு அப்படியே நின்றார். ஓட்டோக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவோ, அல்லது அவருக்கே தெரிய வேண்டும் என்பதற்காகவோ, அவர் கேட்டார். "ஆர் தங்கச்சி?"

அந்தக் கேள்வி வரும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. செத்த வீடு என்றால் போதும் என்று நினைத்திருந்தாள். யார் என்றும் சொல்ல வேண்டுமாம். படலைக் கம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ட மகன். ஜொய்சன்."

பின்னால் விறாந்தையில் மேர்லின் குழறி அழுதாள். இவ்வளவு நாளும் ஒரு துளி கண்ணீர் காட்டாத பிள்ளை, அண்ணா என்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் குழறினாள். நல்லரத்தினம் பெட்டியை ஓட்டோ இருக்கையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், யாரும் இங்கே வரமாட்டார்கள் என்றார். அவர் நம்பினாரா, நம்பியதுபோல நடந்தாரா என்று அவள் கடைசிவரை அறியவில்லை.

பிள்ளையின் குழறல் ஊருக்குப் போதுமாக இருந்தது. அரை மணித்தியாலத்துக்குள் படலையில் வெள்ளைத் துணி கட்டியாயிற்று. சங்கத்துக் கதிரைகள் வந்தன. வாசலில் பறந்த கொடியை யாரோ பேசாமல் கழற்றி மடித்து உள்ளே வைத்தார்கள். பாணைப் பறித்துக் கோழிக்குப் போட்ட தாய்மார் முதல் ஆளாக ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழ எவ்வளவு காலமாகக் காத்திருந்தார்கள் என்று அந்த அழுகையிலேயே தெரிந்தது. அவர்கள் வெறும் ஜொய்சனுக்காகவும் அழவில்லை. அவரவர் வன்னியில் விட்டவர்களையும் சேர்த்து அழுதார்கள். வெளியே அழ இடமில்லாத அந்த நாட்களில் திராய்மடுவில் அழ ஒரு வீடு கிடைத்திருந்தது.

பீற்றிஸ் பாயில் இருந்தாள். இது ஒரு சாக்குக்குச் சொன்னது, என் பிள்ளை சாகவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் நல்லரத்தினம் பொய்காரராகிவிடுவார், விழாக்காரர் ஏனென்று கேட்டு வருவார்கள், வீட்டில் மேர்லின் இருக்கிறாள். அதை நினைத்து வாயைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஒருத்தி வந்து தோளில் விழுந்தபோது தானும் ஒப்பாரி வைப்பதைக் கேட்டாள். அது தன்னுடைய குரல்தான் என்று பிடிபடச் சற்று நேரம் எடுத்தது. ஒருமுறை தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை.

அடுப்படியில் நுரை இறங்கித் தண்ணீராகிவிட்டது. யாரோ கிடாரத்தை வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்துக் கழுவினார்கள். இலட்சுமிப்பிள்ளை தன் வீட்டிலிருந்து கோப்பி கொண்டுவந்து, அவளுடைய கையில் கோப்பையைப் பிடிக்க வைத்து, குடி என்றாள். சொன்னேனே என்ற ஒரு பார்வைகூட அவள் பார்க்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

பாதரும் வந்தார். பூசை வைக்க வேண்டும், கோயில் வாசலில் அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்று ஒரு சின்னக் கொப்பியைத் திறந்தார். பெயர் எழுதினார், வயது இருபத்திரண்டு என்று எழுதினார். இறந்த திகதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பங்குனியா, சித்திரையா, கஞ்சி வரிசையா, வேறெங்காவதா, யாருக்குத் தெரியும். இலட்சுமிப்பிள்ளை பீற்றிஸின் காதுக்கருகில் குனிந்து கேட்டாள். "எந்த நாளில இருந்து கா முப்பத்தொண்டு எண்ணுறது?"

பீற்றிஸ் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"இண்டையில இருந்தக்கா," என்றாள். "இண்டைக்குக் காலமை வரைக்கும் அவன் உசிரோட இரிந்தவன்."